அறுபத்து நான்கு பீரங்கியும் ஒரு பல்செட்டும்

பல்செட்காரர் பதினெட்டு வருடமாகப் பல் செய்கிறார். ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. கேட்டால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தொழிலின் லட்சணமே அதுதான். நோயாளி டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளப்பார். டாக்டரம்மா அச்சு எடுப்பார். அச்சு ஒரு டப்பாவுக்குள் போய், மேலே ஓர் எண் ஒட்டப்பட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் இவருடைய பட்டறைக்கு வரும். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்து, மெழுகில் பல் நட்டு, ஈறு வார்த்து, பாலிஷ் போட்டு, அதே டப்பாவில் திருப்பி அனுப்புவார். அங்கே நோயாளி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா கைராசியே கைராசி" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போவார். இவர் பெயர் எங்கேயும் வராது. ஊரில் பாதிப்பேர் இவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். இவரைப் பார்த்துச் சிரிக்க அதில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கடுப்பில் பிறந்ததுதான் கப்பல். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மூன்று பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடம் எப்படியோ அவர் கையில் சிக்கியது. அதைத் தொண்ணூற்றாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆணி ஒன்று குறையாமல் செய்ய ஆரம்பித்தார். வீட்டின் முன் அறைதான் பட்டறை என்பதால் கப்பலும் பல்லும் ஒரே மேஜையில் வளர்ந்தன. கப்பலின் கயிறெல்லாம் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகு நூல், தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கியது. தளத்துப் பலகைகளை இழைத்தது பல் ராவுகிற சக்கரம். பீரங்கிகள் அறுபத்து நான்கும் பல்லுக்குக் கம்பி வார்க்கிற உலோகத்தில், அதே உலையில், சுண்டுவிரலில் பாதி அளவுக்கு ஒவ்வொன்றாக வார்த்தவை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை ராவினார். மூன்றாவது தடவை எதற்கு என்று அவருக்கே தெரியாது. ராவினால் மனசுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு வருடம் இப்படிப் போயிற்று. மனைவி கப்பலுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். "சக்களத்திக்குத் தூசி தட்டியாச்சா? அப்ப சாப்பிட வாங்க" என்பாள். அவளுக்குக் கப்பலில் ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. மேல்தளத்தில் திறந்தவெளியில் நிற்கிற பன்னிரண்டு பீரங்கி போக, மற்றவை எட்டிப்பார்க்கப் பக்கவாட்டில் வரிசையாக ஐம்பத்திரண்டு வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே தூக்கித் திறக்கிற ஒரு மூடி. அந்த மூடிகளின் உள்பக்கத்தை அவர் முடித்த அன்று அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இது சண்டைக்குப் போற கப்பல்தானே? ஏன் இப்படி ஈன்னு இளிக்குது?"

"வரைபடத்துல சிவப்புன்னு போட்டிருக்கு. சிவப்புதான் வெச்சிருக்கேன்."

அவள் அவரையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டின புருஷனோடு கலருக்காகச் சண்டை போடுவானேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மனைவியின் அண்ணனுக்குத் துறைமுகத்தை ஒட்டிய கடற்படை அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை. ஒரு நாள் மச்சான் மூச்சிரைக்க வந்தார். நடுக்கூடத்தில் இருந்த பழைய மாதிரிக் கப்பல் செல்லரித்து உட்கார்ந்துவிட்டதாம், கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறதாம்.

"மாப்பிள்ள, பெட்டிக்குக் கீழ பித்தளைத் தகடு. 'செய்தவர்'னு போட்டு உங்க பேரை வெட்டுவாங்க. கழுவினாலும் போகாது."

பல்செட்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பித்தளையில் தன் பெயர். வருகிறவன் போகிறவன் எல்லாம் குனிந்து படிப்பான். டாக்டரம்மாவும் ஒரு நாள் வருவார். அவரும் குனியத்தான் வேண்டும்.

ஆனால் பெட்டிக்குள் போக ஒரே ஒரு ஆளின் கையெழுத்து வேண்டும். அவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன். இதற்கு முன்னால் பதினொரு மாதிரிக் கப்பல்களைப் பார்த்து, பதினொன்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். ஒன்றை நங்கூரம் ஒரு நெல்லளவு பெரிது என்று தள்ளினாராம். மச்சான் யார் யாரையோ பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைப் பட்டறைக்கே வரவழைத்துவிட்டார்.

பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கேப்டன் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், பனைமரம் மாதிரி நிமிர்ந்த ஆள். சட்டைப்பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, கையில் இரும்பு ஸ்கேல்.

"வணக்கம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து வாயை மூடியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

பல்செட்காரர் அந்த வாயையே பார்த்தார். மேல் வரிசையில் இடதுபக்கத்து இரண்டாம் பல், முன்பல்லின் மேல் ஒரு முடியளவு ஏறியிருந்தது. பழைய போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது, அப்படியே வேண்டும் என்று டாக்டரம்மா சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். இவர்தான் அதைத் தன் கையால் ஏற்றி வைத்தார். எண் நூற்றுப் பதினேழு. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகத் தான் செய்த பல் ஒரு வாய்க்குள் வேலை செய்வதைப் பார்க்கிறார், அது டக் டக் என்று ஆடுகிறது.

நூற்றுப் பதினேழை மறக்க முடியுமா? மூன்று தடவை திரும்பி வந்த செட். "கடிக்கும்போது இடது பக்கம் வலி" என்று மூன்று தடவையும் சீட்டு. இவரும் மூன்று தடவையும் பிளாஸ்டர் தாடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சில் சரியாக உட்காருகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பல் தொழிலில் இது எல்லாரும் எழுதுகிற பதில்தான். அச்சில் சரியாக இருந்தால் தப்பு வாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேப்டன் கப்பல் முன்னால் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அவர் கயிறு எண்ணினார், பாய்மரம் அளந்தார், நங்கூரத்துக்கு மட்டும் மூன்று முறை ஸ்கேல் வைத்தார். பீரங்கிகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தபோது அவர் புருவம் மேலே போய், அங்கேயே நின்றுவிட்டது. வாசல் மூடி ஒன்றை ஊசிநுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கலரை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார்.

"சிவப்பு சார்" என்றார் பல்செட்காரர்.

"ம்ம்." டக். மறுபடி பீரங்கிக்கே போய்விட்டார். அவர் மனசு அதில்தான் இருந்தது.

கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினோரு கப்பல் பார்த்தாச்சு. எல்லாம் பொம்மை. இதுதான்யா கப்பல்." டக். "தம்பி, இந்தக் கைக்கு என்ன குடுத்தாலும் தகும்." பையிலிருந்து அருங்காட்சியகத்துப் படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பேனாவைத் திறந்தார். மச்சான் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் முதுகில் சந்தோஷமாக ஒரு குத்து விட்டார்.

இந்த நேரம் பார்த்து மனைவி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு ஒரு டீ கொடுக்காமல் அனுப்புவதா? கேப்டன் பேனாவை வைத்துவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். கடித்தவர், "அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார்? என்ன ஆச்சு?" மச்சான் பதறினார்.

"என்ன ஆச்சா? பல்லு கட்டி எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசமா கரைச்சுக் குடிக்கிறேன்யா! ஒரு கடலை கடிச்சதில்ல. பேசினா டக்குங்குது. பேரன் நான் வர்றதைச் சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கிறான். மூணு தடவை திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் ஒரே பதில். அச்சில் சரியா உட்காருதாம்! அச்சா சோறு திங்குது? நான்தானே திங்கணும்!"

பல்செட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஐந்தே நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். படிவத்தில் கையெழுத்து விழும், பித்தளையில் பெயர் விழும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தெரியாமல் இருப்பதுதானே இந்தத் தொழிலே.

"எவன் பண்ணானோ தெரியல" என்று கேப்டன் பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு மட்டும் தெரியுது. அவனுக்கு வேலை தெரியாது."

சோம்பேறி என்றிருந்தால் பல்செட்காரர் பொறுத்திருப்பார். ஏமாற்றுக்காரன், பொறுப்பில்லாதவன், என்ன சொல்லியிருந்தாலும் முழுங்கியிருப்பார். வேலை தெரியாதவன் என்றதும் காதுக்குள் ஏதோ சூடாக ஓடியது. வாய் தன்னால் திறந்துகொண்டது.

"வேலை தெரியாம இல்ல சார். அந்த வாரம் நான் பீரங்கி வார்த்துக்கிட்டிருந்தேன்."

மச்சான் வாயிலிருந்த டீ பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கேப்டன் பேனாவைப் பிடித்தபடியே பல்செட்காரரைப் பார்த்தார். பிறகு அறையை முதல்முறையாகப் பார்த்தார். அலமாரி முழுக்க எண் ஒட்டிய டப்பாக்கள், பிளாஸ்டர் தாடைகள், வரிசை வரிசையாகப் பற்கள். முக்கால் மணி நேரமாகக் கப்பலைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"நீங்களா?" என்றார்.

"நான்தான் சார். நூற்றுப் பதினேழு."

கேப்டன் கைக்குட்டையை எடுத்தார். வாயில் கைவிட்டு மேல்செட்டைக் கழற்றினார், துடைத்தார். அதைக் கொண்டுபோய்க் கப்பலின் பக்கவாட்டில், திறந்திருந்த ஒரு மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஈறும் மூடியும் ஒரே கலர், சந்தேகத்துக்கு இடமே இல்லை. மூடிக்கு உள்பக்கம் அவர் பூசியதும் ஈறு வார்க்கிற அதே கலவைதானே. பதினெட்டு வருடமாக ஈறையே பார்த்துப் பார்த்து, சிவப்பு என்றால் அவர் கண்ணுக்கு அதுதான் சிவப்பு என்று ஆகிவிட்டது. அந்த நிமிடம்தான் அவருக்கே தெரிந்தது: மனைவி சொன்னது நியாயம், கப்பல் இளித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேப்டன் ஏதோ சொன்னார். மேல்பல் இல்லாத வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"கப்பல் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றார்" என்று மச்சான் அவசரமாக மொழிபெயர்த்தார்.

கேப்டன் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் நாற்காலியோடு இரண்டடி பின்னுக்குப் போனார். பிறகு கேப்டன் கீழ்செட்டையும் கழற்றி, இரண்டையும் பல்செட்காரரின் உள்ளங்கையில் வைத்து, மேஜையைக் கைகாட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பல்செட்காரர் மேஜையில் உட்கார்ந்தார். என்ன தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். ஈறு வெந்து இறுகும்போது பல் மயிரிழை நகரும். அதனால் மேல் தாடையையும் கீழ் தாடையையும் ஓர் இரும்புக் கருவியில் மாட்டி, கடிக்க வைத்துப் பார்த்து, மேடான இடத்தை ராவ வேண்டும். வேறு எந்தப் பல்செட்டுக்கும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. அந்த வாரம் அந்தக் கருவி காலியாக இல்லை. பீரங்கி வார்ப்புக்கு நடுவே கப்பலின் பின்பக்க விளக்கை ஒட்டிவிட்டு, பசை காயும்வரை அசையாமல் இருக்க அதில்தான் கவ்வ வைத்திருந்தார். ஒரு செட்தானே, போகட்டும் என்று அனுப்பிவிட்டார். பீரங்கிக்கு மூன்று தடவை அரம், மனுஷன் வாய்க்கு ஒரு தடவைகூட இல்லை.

"சார், கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார்.

கேப்டன் திறந்தார். பல்செட்காரர் கைவிளக்கைப் பிடித்துக் குனிந்தார். பிளாஸ்டர் வெள்ளையாக, காய்ந்து, சொன்னபடி கேட்டு உட்கார்ந்திருக்கும். இது ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது, மூச்சு விட்டது. இடது பக்கக் கீழ் ஈறில் ஒரு புண், பாக்களவு. நல்ல சிவப்பு. அதைப் பார்த்ததும் அவருக்கு அவமானத்தில் கண் கலங்கியது. இந்த இடத்தில்தான் எட்டு மாதமாக ஒருத்தருக்கு வலித்திருக்கிறது. இந்த இடத்துக்குத்தான் அவர் மூன்று முறை அச்சில் சரி என்று எழுதினார்.

செட்டை மாட்டி, பல்லுக்கு நடுவே நீலத்தாளை வைத்து, "கடிங்க" என்றார். மேடான இடத்தில் நீலம் ஒட்டியது. ராவினார். "கடிங்க." ராவினார். புண்ணில் அழுத்துகிற விளிம்பைச் சின்னச் சக்கரத்தால் வழித்து, பாலிஷ் போட்டார். "கடிங்க சார். இப்ப வலது பக்கம். இப்ப முன்னால தள்ளிக் கடிங்க." ஐம்பது நிமிடம் ஆயிற்று. கப்பல் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி கதவோரம் நின்று இதைக் கவனித்தாள். சக்களத்தி அனாதையாக நிற்பதை ஆறு வருடத்தில் அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள், பாவம் என்றுகூடத் தோன்றியது அவளுக்கு.

அவளே போய் ஓர் ஆப்பிளைக் கழுவிக் கொண்டுவந்தாள். கேப்டன் அதை வாங்கி, வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கமாகக் கடித்தார்.

ஆப்பிள் நறுக்கென்று உடைந்தது. அவர் மென்றார். கண்ணைத் திறந்தார். மறுபடி கடித்தார். மூன்று பேரும் நிற்க, காம்பும் விதையும் மிஞ்சும்வரை தின்று தீர்த்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"தம்பி, கப்பல் தேறாது."

மச்சான் ஆ என்றார்.

"சிவப்புன்னா சிவப்பா இருக்கணும். இது ஈறு. அம்பத்திரண்டு ஈறு. இதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சா, பார்க்க வர்ற பிள்ளைங்க சரித்திரம் படிக்காது, வீட்டுக்குப் போய்ப் பல்லு விளக்கும். எனக்குப் பல்லு சரிபண்ணிக் குடுத்தீங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, அது சரியில்ல. நீங்களும் அதை விரும்பமாட்டீங்க."

ஒரு டக் இல்லை. சானாவும் தானாவும் கத்தரித்து வைத்த மாதிரி சுத்தமாக வந்து விழுந்தன. பல்செட்காரர் ஒரு காதில் தீர்ப்பையும் மறு காதில் உச்சரிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. ஆறு வருட உழைப்பு. அந்த ஈறின்மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, ஐம்பத்திரண்டையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குள் பெட்டிக்கு வேறு கப்பல் வந்துவிடும். ஆனால் அழுகைக்கு நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது, அது வெட்கமாகவும் இருந்தது. அந்த ஆள் 'தேறாது' என்று சொன்ன அழகை இன்னொரு தடவை கேட்கலாம் போலிருந்தது.

"சார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தூரத்துல இருந்து பார்த்தா சிவப்பாத்தான் தெரியும்" என்று மச்சான் கெஞ்சினார். கேப்டன் படிவத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்தார். ஸ்கேலை எடுத்துக்கொண்டார், உருப்பெருக்கியைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, அந்தப் படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்து வெள்ளைத்தாளில் பேனாவை வைத்தார்.

"உங்க பேர் என்ன தம்பி?"

"பேரா? அதான் தேறலைன்னுட்டீங்களே சார். தகட்டுக்கு இனி எதுக்கு?"

"தகடு கிடக்கட்டும்யா. சாயங்காலம் எங்க பழைய ஆளுங்க பத்துப் பேர் கூடுவாங்க. நான் அவங்க முன்னால உட்கார்ந்து கடலை கடிக்கப் போறேன். பல்லு யார் பண்ணதுன்னு கேட்பாங்க. என்ன, டாக்டரம்மான்னா சொல்லட்டும்?"

பல்செட்காரர் வாயைத் திறந்தார். பதினெட்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கேப்டன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். கதவோரத்திலிருந்து மனைவிதான் அந்தப் பெயரை இனிஷியலோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.